சீனா பற்றிய கட்டுரையில் சீனர்களைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட சீனா பற்றிய கட்டுரையையும், அடுத்த இதழில் அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசு மதிப்பெண் போடுகிறது, மதிப்பெண் குறைந்தால் ரயில் டிக்கெட்கூடக் கிடைக்காது, அதனால் 140 கோடிப் பேரும் வாயைத் திறப்பதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். கடிதம் எழுதியவர்களில் இருவர், நம் நாட்டுக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தால்தான் உருப்படுவோம் என்கிறார்கள். கட்டுரையாளருக்குப் பயம், கடிதக்காரர்களுக்கு ஆசை. மேலே ஒருவர் ஆணையிடுகிறார், கீழே எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்ற எண்ணம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்த எண்ணம் தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் விஷயம். சமூக நம்பகத்தன்மையை அளக்க ஒரு முறையை உருவாக்கப்போவதாகச் சீன அரசு 2014-ல் திட்டம் வெளியிட்டது உண்மை. ஆனால் ஆளுக்கொரு மதிப்பெண் என்று நாடு முழுவதற்கும் எதுவும் வரவில்லை. ஷான்டோங் மாகாணத்தின் ரோங்செங் போன்ற சில ஊர்கள், ஆளுக்கு 1,000 புள்ளி கொடுத்துக் கூட்டிக் கழித்துச் சோதனை செய்து பார்த்தன. டிக்கெட் மறுப்பு வேறு கதை. நீதிமன்றம் உத்தரவிட்டும் பணம் கட்டாதவர்கள் என்று ஒரு பட்டியலை உச்ச மக்கள் நீதிமன்றம் 2013 முதல் பராமரிக்கிறது. அதில் பெயர் ஏறினால் விமானத்திலும் அதிவேக ரயிலிலும் போக முடியாது. அந்தப் பட்டியலும் மோசமாகவே பயன்பட்டிருக்கிறது. லியூ ஹூ என்ற பத்திரிகையாளர் அவதூறு வழக்கில் தோற்றபின் அதில் சேர்க்கப்பட்டு, விமான டிக்கெட் எடுக்க முடியாமல் தவித்தார். அதைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். இல்லாத ஒன்றைச் சொல்லி அச்சுறுத்துவதால் இருக்கிற அநியாயம் மறைந்துபோகிறது.

அடுத்து, வாயைத் திறப்பதில்லை என்ற கருத்து. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஹெனான் மாகாணத்தில் 2022-ல் நடந்ததைக் கூர்ந்து கவனித்து வந்தேன். அந்த ஏப்ரலில் அங்கே நான்கு சிறு கிராமப்புற வங்கிகள் பணம் எடுப்பதை முடக்கின. கூடுதல் வட்டி கிடைக்கிறதே என்று இணையம் வழியாகப் பல மாகாணங்களிலிருந்தும் மக்கள் அவற்றில் பணம் போட்டிருந்தார்கள். ஜூன் மாதம், நேரில் போய்க் கேட்போம் என்று பலர் மாகாணத் தலைநகரான ஜெங்ஜோவுக்குக் கிளம்பினார்கள். கொரோனா காலம் அல்லவா? கைப்பேசியில் உள்ள சுகாதாரக் குறியீடு பச்சையாக இருந்தால்தான் எங்கும் நுழைய முடியும். இவர்களுடையது திடீரென்று சிவப்பானது. நோய் இல்லை, நோயாளியோடு தொடர்பும் இல்லை. ஊருக்கே வராமல் வீட்டில் இருந்த பலருக்கும் சிவப்பு.

நம் கட்டுரையாளர் வர்ணித்த தொழில்நுட்பச் சிறை என்றால் இதுதான். இதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை. ஆனால் அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். வைப்புதாரர்கள் அடங்கவில்லை. சிவப்புக் குறியீட்டைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். நாடே கொதித்தது. அரசுக்கு நெருக்கமான 'குளோபல் டைம்ஸ்' நாளிதழின் முன்னாள் ஆசிரியர் ஹூ ஷிஜின்கூட, சுகாதாரக் குறியீடு நோய்த்தடுப்புக்கு மட்டும்தான் என்று எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் நகரின் கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கு விசாரணைக் குழுவே 1,317 வைப்புதாரர்களின் குறியீடு தவறாக மாற்றப்பட்டதை ஒப்புக்கொண்டு ஐந்து அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தது. ஜூலை 10 அன்று நூற்றுக்கணக்கானவர்கள் ஜெங்ஜோவில் மத்திய வங்கியின் கிளைக்கு முன்னால் படிக்கட்டை நிறைத்து உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் வந்து அவர்களை அடித்து இழுத்துப் போனார்கள். மறுநாளே, 50,000 யுவான் வரை போட்டவர்களுக்கு முதலில் பணம் தருவதாக அறிவிப்பு வந்தது. அடியும் விழுந்தது, பணமும் வந்தது.

அந்தக் கூட்டத்தில் பலர் கையில் தேசியக் கொடி இருந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 முதல் 2016 வரை சீனாவில் நடத்திய கருத்துக்கணிப்புகளில் கடைசியாக 2016-ல், மத்திய அரசு திருப்தி தருகிறது என்றவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். அதே மக்களிடம் உள்ளூர் நிர்வாகத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண் வெகுவாக இறங்கியது. அப்படிப்பட்ட நாட்டில் மக்கள் மனம் திறந்து பதில் சொல்வார்களா என்ற சந்தேகம் நியாயம்தான். இருந்தாலும் மேலே இருப்பவரை நம்பி, பக்கத்தில் இருப்பவர் மீது கோபப்படும் அந்த மனநிலை நமக்குப் புதிதில்லை. தாசில்தார் மேல் உள்ள கோபத்தை மனுவாக எழுதிக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சீனாவிலும் மனு கொடுப்பதற்கென்றே அலுவலகங்கள் உண்டு. உள்ளூரில் நியாயம் கிடைக்காதவர்கள் மனுவோடு பெய்ஜிங் வரை போகிறார்கள். அவர்களை வழியிலேயே மடக்கிக் கூட்டிவர உள்ளூர் அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். மேலிடத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அதிகாரிக்கு இருக்கிறது. தலையாட்டும் கூட்டம் என்றால் அந்தப் பயம் எதற்கு?

வளர்ச்சியைப் புகழ்ந்து எழுதிய அந்த இரண்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 40,000 கிலோமீட்டருக்கு மேல் அதிவேக ரயில் பாதை போட்டதும் வானுயர நகரங்களைக் கட்டியதும் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளிகள். 1958-ல் சட்டமாக்கப்பட்ட ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறைப்படி, பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் முழு உரிமை. பல வருடம் ஷாங்காயில் உழைத்தவரின் பிள்ளையும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதப் பொதுவாகச் சொந்த மாகாணத்துக்குத் திரும்ப வேண்டும். அப்பா அம்மா நகரத்தில், பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு கிராமத்தில் என்று கோடிக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. கட்டுப்பாடு வேண்டும் என்று ஆசைப்படும் முன் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பதிவு முறை 2003-ல் ஓர் உயிரைப் பறித்தது. சுன் ஜிகாங் என்ற 27 வயதுப் பட்டதாரி வேலைக்காக குவாங்ஜோவுக்கு வந்தவர். தற்காலிகக் குடியிருப்பு அனுமதி இல்லை என்று மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றே நாளில் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஊர் நாளிதழான 'நான்ஃபாங் துஷிபாவ்' துணிந்து அதை வெளியிட்டது. மூன்று இளம் சட்ட அறிஞர்கள், இப்படிப் பிடித்து அடைக்கும் விதியே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதமே அரசு அந்த விதியை ரத்து செய்தது. ஒரு செய்தியும் ஒரு மனுவும் செய்த வேலை இது.

அதற்கான விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். அந்த நாளிதழின் ஆசிரியர் செங் யிஜோங் 2004-ல் சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். மனு எழுதிய மூவரில் ஒருவரான ஷூ ஜியோங்குக்கு 2023 ஏப்ரலில் 14 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நான் சீன அரசுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஷின்ஜியாங் பகுதியில் சிறுபான்மையினரான உய்குர் மக்களுக்கு நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கையே கொடுத்திருக்கிறது. அந்த நவம்பரில் ஷின்ஜியாங்கின் தலைநகர் உரும்ச்சியில் நடந்த தீ விபத்தில் 10 பேர் இறந்தபின், கொரோனா ஊரடங்கை எதிர்த்து வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தெருவில் நின்ற இளைஞர்களில் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு விதிகளும் தளர்ந்தன. சீனர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்று நாம் எழுதினால், பேசிவிட்டுச் சிறையில் இருப்பவர்களை நாமும் சேர்ந்து மறக்கடிக்கிறோம். இதுதான் எனக்கு வலிக்கிறது.

தமிழில் சீனாவைப் பற்றி வருவதெல்லாம் எல்லைத் தகராறு, வர்த்தகம், ஷி ஜின்பிங் பயணம். சீன அரசு தன் தரப்பை நம்மிடம் தமிழிலேயே சொல்கிறது. சீன வானொலி 1963-லேயே தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அங்குள்ள சாதாரண மனிதர் என்ன கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், கேட்டால் என்ன ஆகிறது என்று தமிழில் எழுத ஆள் இல்லை. சீன மொழி கற்றவர்களும் அங்கே படித்துத் திரும்பிய மருத்துவ மாணவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லுங்கள். மாதம் இரண்டு பக்கம் போதும். அதற்கு முன், சீனர் ஒவ்வொருவருக்கும் அரசு மதிப்பெண் போடுகிறது என்ற தகவலுக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.