தீபாவளிப் பையில் ஐந்து கிலோ அரிசி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிங்கப்பூரில் உள்ள அறநிறுவனங்களும் கோயில் குழுக்களும் நண்பர் வட்டங்களும் வசதி குறைந்தோருக்கான மளிகைப் பை விநியோகத்துக்குத் தேதி குறிக்கத் தொடங்கிவிடுகின்றன. கொடுக்கும் மனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாப் பைகளும் ஒரே பத்து நாளில், அதே சில அரசாங்க வாடகை வீட்டு புளோக்குகளுக்கே போய்ச் சேர்கின்றன. தீபாவளி வாரத்தில் ஓரறை வீட்டுக்குள் மூன்று ஐந்து கிலோ அரிசிப் பைகள் கட்டில் அடியில் கிடக்கும். மார்ச் மாதம் அதே வீட்டில் துவரம்பருப்பு இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக இருக்கும் மூதாட்டி ஒருவர் ஒரு நாளைக்கு 120 கிராம் அரிசி போட்டால் அதிகம். ஐந்து கிலோ அவருக்கு 40 நாளுக்கு மேல் வரும். மூன்று பை வந்தால் நான்கு மாதம். நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த பை அத்தனை நாள் தாங்காது, வண்டு வைத்துவிடும். பாதி அரிசி குப்பைக் குழாய்க்குப் போவதற்கு நன்றிகெட்டதனம் காரணமில்லை, பையின் அளவுதான் காரணம். ஒரு கிலோ பொட்டலமாக இரண்டு கொடுத்தால் ஒன்றைப் பிரிக்கலாம், மற்றது பத்திரமாக இருக்கும். கிலோவுக்குச் சில காசு கூடுதலாகும். அந்தக் காசைச் செலவழிப்பதில் தவறில்லை.

எடையையும் பார்க்க வேண்டும். வழக்கமான பையில் அரிசி 5 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், பெரிய சார்டின் டின் நான்கு, சீனி ஒரு கிலோ, த்ரீ-இன்-ஒன் காப்பி, உடனடி நூடல்ஸ். மொத்தம் 10 கிலோவைத் தாண்டும். இதைக் கீழ்த்தளத்தில் மேசை போட்டுக் கொடுத்து, வாங்குபவரே மேலே தூக்கிப் போக வேண்டும் என்றால் யாரால் முடியும்? நடைச்சட்டம் பிடித்து நடப்பவருக்கு இரண்டு கையும் சட்டத்தில் இருக்கும். மின்தூக்கி வரை வந்தவர், அங்கிருந்து நீண்ட நடைபாதையின் கடைசி வீட்டுக்குப் போயாக வேண்டும். பை கிழிந்து எண்ணெய்ப் போத்தல் விழுவது பெரும்பாலும் அந்த நடைபாதையில்தான்.

அதனால் பையை நாலரைக் கிலோவுக்குள் அடக்குங்கள். ஒற்றை ஆளுக்கு எங்கள் கணக்கு இது: அரிசி ஒரு கிலோ பொட்டலம் இரண்டு, துவரம்பருப்பு 500 கிராம், ரவை 500 கிராம், ஓட்ஸ் 400 கிராம், எண்ணெய் 500 மில்லி, 155 கிராம் மீன் டின் மூன்று. சைவம் என்றால் மீனுக்குப் பதில் இன்னொரு 500 கிராம் பயறு. மிச்சமாகும் பணத்தை காய்கறிக்கும் முட்டைக்கும் பேரங்காடிப் பற்றுச்சீட்டாகக் கொடுக்கலாம். மளிகைப் பைகளில் எப்போதும் இல்லாமல் போவது காய்கறிதான். அது அழுகிவிடும் என்பதால் யாரும் வைப்பதில்லை, அந்தக் குறையைப் பணத்தால்தான் நிரப்ப முடியும்.

பொருள் வாங்குவதற்கு முன் அந்த வீட்டில் என்ன அடுப்பு இருக்கிறது என்று கேட்க வேண்டும். பல அறநிறுவனங்களின் படிவத்தில் வருமானத்தைப் பற்றி ஐந்து கேள்வி இருக்கும், அடுப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்காது. சோற்றுப் பானை ஒன்றே வைத்திருப்பவருக்கு உலர்ந்த கொண்டைக்கடலை கொடுத்துப் பயனில்லை. ஊற வைத்தாலும் பிரஷர் குக்கர் இல்லாமல் வேக வெகு நேரம் ஆகும். வெந்தாலும் பல் செட் இல்லாதவரால் மெல்ல முடியாது. பாசிப்பருப்பு சோற்றோடு சேர்ந்தே வெந்துவிடும், அதைக் கொடுக்கலாம். ஆட்டா மாவும் கொண்டைக்கடலை போலத்தான், பலருக்குப் பயன்படாது. கைமூட்டு வீக்கம் உள்ளவர் மாவு பிசைவதில்லை, பை அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும். டின் வாங்கினால் வளையம் பிடித்து இழுக்கும் மூடி உள்ளதாகப் பாருங்கள். டின் வெட்டும் கருவி எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை, கத்தியால் குத்தித் திறக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

உடல்நிலையையும் கேட்க வேண்டும். இந்நாட்டில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. ஆனாலும் நாம் கொடுக்கும் பையில் சீனி ஒரு கிலோ, சீனி கலந்த காப்பி முப்பது பொட்டலம், பண்டிகை என்று சொல்லி ஒரு டப்பா இனிப்பு. சீனி கலக்காத டூ-இன்-ஒன் பொட்டலமும் அதே கடை அடுக்கில்தான் இருக்கிறது. இன்னொன்று, நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு: சோடியம் குறைந்த உப்பு. அரசாங்கமே ஊக்குவிக்கும் பொருள், பெரும்பாலானோருக்கு நல்லதும்கூட. ஆனால் அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பழுதானவர் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒருவர் கையில் அந்த உப்பு கிடைக்கக் கூடாது. யார் வீட்டில் என்ன நோய் என்று தெரியாதபோது பையில் எந்த உப்பும் வைக்காமல் விடுவதே பாதுகாப்பு. ஒரு பொட்டலம் உப்பு வாங்க யாரும் திண்டாடுவதில்லை.

புரட்டாசியைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிப் பைகள் பல, விழாவுக்கு முன்னதாகவே புரட்டாசியில் கொடுக்கப்படுகின்றன. அந்த மாதம் முழுவதும் சைவமாக இருக்கும் வீட்டுக்கு சார்டினும் கோழிக்கறி டின்னும் போனால் அதை வாங்கி வாசலுக்கு வெளியே வைப்பார்கள். தமிழ் அமைப்புகளே இந்தத் தவற்றைச் செய்வது வியப்பு. அதே புளோக்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கும். ஹலால் முத்திரை உள்ள பொருளாகவே எல்லாப் பைக்கும் வாங்கிவிட்டால் தனித்தனியாகப் பிரித்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, சமைத்த உணவு. இதில்தான் ஆபத்து அதிகம். பிரியாணியோ சாம்பார் சாதமோ, சமைத்து முடித்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும், பொட்டலத்துக்குள் மூடிய சோறு அந்தச் சூட்டில்தான் இருக்கும். காலை 8 மணிக்கு அடுப்பை அணைத்தால் நண்பகல் 12க்குள் அது வயிற்றில் இருக்க வேண்டும். நடப்பது என்ன? 9 மணிக்குப் பொட்டலம், 10 மணிக்கு உரை, 11 மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகை, 12 மணிக்கு விநியோகம். வாங்கும் முதியவர் பாதியைச் சாப்பிட்டு மீதியை இரவுக்கு மூடி வைக்கிறார். உணவு உண்மையில் கெடுவது அந்த இரவுப் பாதியில். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ‘இத்தனை மணிக்குள் சாப்பிடவும்’ என்று பெரிய எழுத்தில், வாங்குபவருக்குத் தெரிந்த மொழியில் ஒட்ட வேண்டும். அளவையும் ஒரு வேளைக்கு உரியதாகக் குறைக்க வேண்டும். உரைகளை விநியோகத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே.

2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவு நன்கொடைச் சட்டம் கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்புக்கு நான்கு நிபந்தனை உண்டு. கொடுக்கும் நேரத்தில் உணவு கெடாததாக இருக்க வேண்டும். எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதுவரை சாப்பிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கையை விட்டுப் போகும்வரை உணவுப் பாதுகாப்பு, சுகாதார விதிகளைக் கடைப்பிடித்திருக்க வேண்டும். நேரம் எழுதாத பொட்டலம் கொடுத்துவிட்டு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது.

உலர்பொருளில் காலாவதித் தேதி. நன்கொடையாக வரும் பெட்டிகளில் மேலடுக்கில் ஒரு தேதியும் அடியடுக்கில் வேறு தேதியும் இருப்பது சாதாரணம். பெட்டியைப் பார்த்தால் போதாது, ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால் மளிகைப் பையில் வைக்காதீர்கள், அன்றே சமைக்கும் சமூகச் சமையற்கூடத்துக்கு அனுப்புங்கள். டின் விளிம்பில் நசுங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ தேதி எதுவானாலும் குப்பைதான்.

பட்டியல் தயாரிப்பதில் இன்னொரு சிக்கல். விண்ணப்பப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணை முழுதாகக் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சட்டம் கோரினாலோ, ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டிய தேவை இருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் அந்த எண்ணை வாங்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அரிசிப் பை கொடுக்க அப்படி ஒரு தேவையும் இல்லை. புளோக் எண், வீட்டு எண், எத்தனை பேர், தொலைபேசி எண், இவை போதும். நன்கொடையாளர் விஷயம் வேறு. அவருக்கு வரிக்கழிவு வேண்டுமென்றால் அடையாள எண் கட்டாயம் வேண்டும்.

ஒரே வீட்டுக்கு நான்கு பை போவதைத் தடுக்க வேண்டுமா? அந்த வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்கும் வசிப்போர் குழுவுக்கும் துடிப்பான மூப்படைதல் நிலையத்துக்கும் முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் ‘அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு குழு வருகிறது, ஜனவரியில் வாருங்கள்’ என்று சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். சேர்க்க வேண்டியவர்களைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியும். வாடகை வீட்டில் இல்லாமல், சொந்த மூவறை வீட்டில் வேலை இழந்து உட்கார்ந்திருப்பவர் எந்தக் குழுவின் கண்ணிலும் படுவதில்லை.

பணத்தைப் பற்றி. தீபாவளிக்கு 300 பை வாங்கும் அதே பணத்தில் 25 வீடுகளுக்கு 12 மாதமும் பை கொடுக்கலாம். படத்தில் 300 பேர் நிற்பது அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 25 வீட்டுக்கு மாதந்தோறும் போகும் தொண்டூழியருக்கு மூன்றாம் மாதத்தில் அந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து என்று தெரிந்திருக்கும், ஆறாம் மாதத்தில் கதவு திறக்கவில்லை என்றால் யாரை அழைப்பது என்றும் தெரிந்திருக்கும். சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்னும் அரசாங்க நிதி உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டியவரைக் கைபிடித்து அழைத்துப் போவதும் அந்தப் பழக்கத்தில்தான் நடக்கும். அரிசியைவிட அது பெரிய உதவி.

நன்கொடையாளர்களுக்கும் ஒன்று. நீங்களே கடையில் அரிசி வாங்கிக் கொடுத்தால் அதற்கு வரிக்கழிவு கிடையாது. ஐபிசி தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநல அமைப்பு என்ற தகுதி, பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் தொகையின் இரண்டரை மடங்கு கழிவு உண்டு. பதிவுபெற்ற அறநிறுவனம் எல்லாமே ஐபிசி அல்ல, அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நிர்வாகக் குழுவில் இருப்பவரின் கடையிலேயே மளிகை வாங்கும் அமைப்பாக இருந்தால், விலைப்புள்ளி எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. விருந்து மேசை விற்று நிதி திரட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பைக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு மட்டும் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நடக்க முடிந்தவர்கள் உள்ள வீட்டுக்கு அதுதான் சிறந்தது, அவர்களுக்கு வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். 2020இல் மவுண்ட்பேட்டனில் ‘ஃபுட் ஃபிரம் த ஹார்ட்’ அமைப்பு திறந்த சமூகக் கடையும் இந்த எண்ணத்தில் அமைந்ததுதான். பை கட்டித் தருவதில்லை, வருபவர் அடுக்கிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். வீட்டைவிட்டு இறங்காதவருக்குப் பை வேண்டும். கைப்பேசியில் வரும் மின்னிலக்கப் பற்றுச்சீட்டு அவருக்கு இன்னும் சிரமம், அச்சிட்ட தாளாகக் கொடுங்கள்.

வீட்டு வாசலில் கொடுக்கும்போது: முந்தின நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் வாரத்தில் மூன்று நாள் பாதிப் பகல் வீட்டில் இருக்க மாட்டார். ஆள் இல்லையென்றால் கம்பிக் கதவில் பையை மாட்டிவிட்டுப் போகாதீர்கள். எறும்பும் எலியும் முந்திக்கொள்ளும், நடைபாதையில் வைத்தால் நகர மன்றத் துப்புரவாளர் எடுத்துவிடுவார். திரும்பக் கொண்டுவந்து இன்னொரு நாள் போங்கள். படம் எடுக்க வேண்டுமானால் தொண்டூழியர்களைக் கீழ்த்தளத்தில் நிற்கவைத்து எடுங்கள்.

உங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தீபாவளி வரை, எந்த அமைப்பு, எந்த வட்டாரத்தில், எந்தத் தேதியில் விநியோகம் செய்யப் போகிறது என்பதை வாரம் ஒருமுறை சிறு கட்டமாக வெளியிட முடியுமா? மற்ற குழுக்கள் அதைப் பார்த்துத் தங்கள் தேதியை ஜனவரிக்கோ மார்ச்சுக்கோ மாற்றிக்கொள்ளும். புளோக் எண் வேண்டாம், வட்டாரப் பெயர் போதும்.

இப்படிக்கு,
மளிகைப் பை விநியோகத்தில் ஈடுபட்டுள்ள தொண்டூழியர்கள் சிலர்,
சிங்கப்பூர்