மேகசினைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் தோட்டா

அன்புள்ள கண்ணம்மா,

துப்பாக்கி வடிவமைப்புக் குறை பற்றிய வழக்கு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். அமெரிக்காவில், துப்பாக்கி செய்பவர்கள் மீதும் விற்பவர்கள் மீதும் வழக்குப் போடுவதைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டினாலே பலர் வழக்குக் கோப்பை மூடிவிடுகிறார்கள். நீ மூடாதே. அதில் ஆறு விலக்குகள் உண்டு. ஐந்தாவதுதான் உனக்கு: எதிர்பார்க்கக்கூடிய விதத்தில் பயன்படுத்தும்போது வடிவமைப்புக் குறையால் உயிரோ உடலோ சேதப்பட்டால் வழக்கு நிற்கும்.

ஆனால் அந்தப் பிரிவின் கடைசி வரியில்தான் ஆபத்து. ஒருவர் தன் விருப்பத்தோடு செய்த குற்றச் செயலால் குண்டு பாய்ந்தால், அந்தச் செயல் மட்டுமே காரணம் என்று கொள்ளப்படும். இலினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் 2009 தீர்ப்பைப் படி. 13 வயதுப் பையன், அப்பாவின் பெரெட்டா கைத்துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு, இனிச் சுடாது என்று நம்பி விசையை இழுத்தான். சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் சேம்பரில் ஒன்று மிச்சமிருந்தது. நண்பன் இறந்துபோனான். மேகசின் இல்லாதபோது சுடாமல் தடுக்கும் அமைப்பு அதில் இல்லை. இருந்தும் பையன் செய்தது குற்றம் என்று வடிவமைப்பு வாதத்தைத் தள்ளினார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. பிள்ளைகள் கைக்குத் துப்பாக்கி போகும் என்பது அதைத் தயாரிப்பவருக்குத் தெரியாததா?

ஆகவே முதல் கேள்வி: விசையை யாராவது இழுத்தார்களா? ரெமிங்டன் 700 துப்பாக்கியின் பழைய வாக்கர் விசையமைப்பைப் பார். விசைக்கும், சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்றொரு தனித்துண்டு. விசையோடு பிணைக்கப்படாமல் ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் ஒட்டி நிற்கும். சுடும்போதெல்லாம் விலகித் திரும்பும். இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ சிக்கினால் முழுதாகத் திரும்பாது, சியருக்கு முட்டு குறையும், சேஃப்டி பூட்டை விடுவித்ததுமே வெடிக்கும் என்பது வழக்காடியவர்கள் வாதம். நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் விசையமைப்பை இலவசமாக மாற்றித்தரும் சமரசத்தை நீதிமன்றம் 2017-இல் ஏற்றது.

அந்தப் பிசுக்குதான் சாட்சி. துப்பாக்கியை யாரும் துடைக்கவோ, சுட்டுப்பார்க்கவோ விடாதே. பிரிப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கட்டும். பிரிக்கும்போது எதிர்த்தரப்பு நிபுணரும் இருக்கட்டும்.

மாற்று வடிவமைப்பு சாத்தியம் என்று காட்டுவது அடுத்த வேலை. பழைய ரூகர் ரிவால்வரில், அடித்துச் சுட வைக்கும் சுத்தியலுக்கு நேரே தோட்டா இருந்தால், கீழே விழுந்தாலே சுடக்கூடும். 1973-இல் அதே நிறுவனம் இடையில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற சிறு தகட்டை வைத்தது. விசையை இழுத்தால்தான் அது மேலேறி, சுத்தியலின் அடியைச் சுடும் ஊசிக்குக் கடத்தும்.

துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொடுத்து அதன் முதல் விற்பனைத் தேதியை உடனே விசாரி. சில மாநிலங்களில் விற்ற நாளிலிருந்தே வழக்குப் போடும் கெடு ஓடுகிறது. விபத்து நேற்று நடந்திருந்தாலும் அது தீர்ந்திருக்கலாம்.

அன்புடன்,
அப்பா