ஒரு பாட்டுக்குள் அடங்காத தொகுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியைப் பற்றிச் சென்ற மாதத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மிகுந்த ஆவலோடு படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் யாரேனும் எழுதமாட்டார்களா என்று வெகுகாலம் காத்திருந்தவன் நான். ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி, 1997 மே 29 அன்று மெம்ஃபிஸ் நகரில் வுல்ஃப் ஆற்றில் இறங்கிய அவர் முப்பது வயதில் மூழ்கி இறந்ததற்கும், அவருடைய தந்தை டிம் பக்லி 28 வயதில் மறைந்ததற்குமே செலவாகிவிட்டது. அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே முழுத் தொகுப்பான ‘கிரேஸ்’ பற்றி ஒரு பத்திதான் இருக்கிறது. அந்தப் பத்தியிலும் ‘ஹல்லேலூயா’ மட்டுமே பேசப்படுகிறது, அதுவும் அவரே எழுதிய பாடல் என்பதுபோல. அதை எழுதியவர் லியோனார்ட் கோஹன். 1984இல் அவருடைய தொகுப்பில் வந்த பாட்டு அது. ஜான் கேல் பின்னாளில் பாடிய வடிவத்தைக் கேட்டே பக்லி அதை எடுத்துக்கொண்டார்.

1994 ஆகஸ்டில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘கிரேஸ்’ தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. அதன் தலைப்புப் பாடலைத் தம் மரணத்தை அவர் முன்கூட்டியே உணர்ந்து பாடியதாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. கிட்டார் கலைஞர் கேரி லூகஸ் அமைத்துவைத்திருந்த இசைக்குப் பக்லி சொல்லும் மெட்டும் சேர்த்து உருவான பாட்டு அது. அவர் இறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மேடையேறிவிட்டது. அதன் முடிவில் சொற்கள் தீர்ந்த பிறகும் குரல் மட்டும் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் இடத்தைக் கட்டுரை ‘அழுகை’ என்கிறது. பக்லி, பாகிஸ்தானின் கவ்வாலிப் (சூஃபி பக்திப் பாடல்) பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் தீவிர ரசிகர். நியூயார்க்கின் சிறு காபிக்கடை ஒன்றில் ஒற்றை மின் கிட்டாரோடு பாடிவந்த நாள்களில், நுஸ்ரத்தின் கவ்வாலியை உருது மொழியிலேயே பாடிக்காட்டியவர். அந்தப் பாடல்களில் ஊறிய தொண்டை சொல்லைக் கைவிட்டுச் சுரத்தில் ஏறும் பயிற்சியையே நான் அவ்விடத்தில் கேட்கிறேன். கடைசிப் பாடலான ‘ட்ரீம் பிரதர்’ தபலாவோடு ஒலிப்பதையும் கட்டுரை கவனிக்கவில்லை. தந்தையைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் பேச வேண்டிய பாட்டும் அதுவே: தம்மைக் கைவிட்டுப்போன தகப்பனைப்போல நீயும் ஆகிவிடாதே என்று ஒரு நண்பரிடம் மன்றாடும் பாட்டு அது.

‘ஹல்லேலூயா’வையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டால், கிட்டார் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு மூச்சை வெளியே விடுவது தெளிவாகக் கேட்கும். அந்த மூச்சை வெட்டாமல் விட்டுவைத்தவர்கள், பலமுறை பாடிப் பதிவுசெய்தவற்றிலிருந்து நல்ல பகுதிகளைத் தேர்ந்து இணைத்தே அப்பாடலை உருவாக்கினார்கள். தயாரிப்பாளர் ஆண்டி வாலஸ் அதற்குமுன் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்புக்கு ஒலிக்கலவை செய்தவர். அந்தக் கனத்த ராக் ஓசை ‘எடர்னல் லைஃப்’ பாடலில் அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய பாடலோ, பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த பழைய ஆங்கிலக் கீர்த்தனையான ‘கார்பஸ் கிறிஸ்டி கரோல்’. அதைப் பெண்குரலின் உச்சத்தில், ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடுகிறார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஒரே தொண்டையில் கேட்பதுதான் இத்தொகுப்பின் வியப்பு. ஒரு பாட்டை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பவருக்கு அது கிட்டாமலே போய்விடும்.

வெளியான காலத்தில் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 149ஆம் இடத்துக்கு மேல் ஏறாத தொகுப்பு இது. வாய்வழிப் பேச்சாலேயே பின்னாளில் பரவியது என்பதால், தங்கள் இதழ் போன்றவை அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது. பத்துப் பாடல்களையும் வரிசைப்படி கேட்டு, இசையை மட்டுமே எழுதக்கூடிய ஒருவரிடம் இன்னொரு கட்டுரை வாங்கி வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ‘ஹல்லேலூயா’ யாருடைய பாடல் என்ற திருத்தத்தையாவது அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி