திட்டினால் பகடையும் திருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கவனப் பயிற்சி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த 30 மாணவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள், அடுத்த தேர்வில் பெரும்பாலானோருக்கு மதிப்பெண் ஏறியது, ஆகவே பயிற்சி பலன் தருகிறது என்று கட்டுரை முடிகிறது. பயிற்சி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கல்லூரி முதலாண்டில் உளவியல் படிக்க வருகிறவர்களுக்கு ஆய்வு முறைகளும் புள்ளியியலும் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"மனசைப் பத்திப் படிக்க வந்தோம், கணக்கு எதுக்கு மேடம்?" என்று முதல் வாரமே கேட்பார்கள். பதில் சொல்ல மாட்டேன். ஆளுக்கு இரண்டு பகடை கொடுத்து உருட்டச் சொல்வேன். கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, "கொஞ்சமாவது கவனம் வேண்டாமா?" என்று திட்டுவேன். 10-ம் அதற்கு மேலும் வந்தவர்களை மனம் விட்டுப் பாராட்டுவேன். அப்புறம் மறுபடி உருட்டச் சொல்வேன். இந்த ஆண்டு திட்டு வாங்கிய ஏழு பேரில் ஆறு பேருக்கு எண் ஏறியது. பாராட்டு வாங்கிய ஆறு பேரில் ஐந்து பேருக்கு இறங்கிவிட்டது. "திட்டினது வேலை செஞ்சுடுச்சே மேடம்" என்று ஒரு மாணவி சொன்னாள். சொன்ன அடுத்த நொடியே கையிலிருந்த பகடையை உற்றுப் பார்த்தாள். வகுப்பே அமைதியாகிவிட்டது.

இரண்டு பகடைகளின் சராசரி 7. ஒருமுறை 3 விழுந்தால் அடுத்த முறை அதைவிடக் கூடுதலாக விழுவதற்கே வாய்ப்பு அதிகம். தேர்வு மதிப்பெண் முழுக்க அதிர்ஷ்டமில்லை, திறமையும் உழைப்பும்தான் பெரும்பங்கு. ஆனாலும் அன்றைக்குக் காய்ச்சல், முந்தைய இரவு தூக்கமில்லை, படிக்காமல் விட்ட பாடத்திலேயே கேள்வி வந்தது என்று தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டு. கடைசி 30 பேரை மட்டும் பொறுக்கி எடுத்தால், அந்தத் துரதிர்ஷ்டம் பிடித்தவர்கள்தான் அதில் கூடுதலாகச் சிக்குவார்கள். அடுத்த தேர்வில் அது அதே ஆட்களைத் திரும்பப் பிடிக்காது. பயிற்சியே இல்லாவிட்டாலும் மதிப்பெண் ஓரளவு ஏறும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக இருப்பதைக் கணக்கிட்டு, ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் 1886-லேயே இதை எழுதிவிட்டார்.

விவரம் தெரிந்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். இஸ்ரேல் விமானப் படைப் பயிற்சியாளர்களுக்கு உளவியலாளர் டேனியல் கானமன் வகுப்பு எடுத்தபோது, அனுபவசாலி ஒருவர், பாராட்டினால் விமானிகள் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள் என்று அடித்துச் சொன்னாராம். கானமன் அவர்களை முதுகுக்குப் பின்னால் இருந்த இலக்கை நோக்கி நாணயத்தை இரண்டு முறை வீசச் சொல்லித்தான் புரியவைத்தார். என் பகடைக்கு மூலம் அந்த நாணயம்தான். அந்தப் பயிற்சியாளரின் எண்ணம் எத்தனை வீடுகளில், எத்தனை வகுப்பறைகளில் பிள்ளைகள் மீது விழுகிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடித்தால்தான் படிப்பான் என்று நம்புகிறவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார், ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? குறைந்த மதிப்பெண் எடுத்த 60 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, மீதிப் பேரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். தானாக ஏறுவது இரண்டு பக்கமும் ஏறும். இரண்டாவது வினாத்தாள் எளிதாக இருந்திருந்தாலும் அந்தச் சலுகை இரு குழுவுக்கும் பொது. அதற்கு மேல் ஒரு வித்தியாசம் நின்றால் அது பயிற்சியின் கணக்கு. சீட்டு ஏன் என்றால், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று விட்டால் ஆர்வமுள்ளவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் எப்படியும் முன்னேறியிருப்பார்கள்.

அதே கட்டுரையில் முடிவு "புள்ளியியல் ரீதியாக முக்கியமானது" என்றும் இருந்தது. இந்த 'முக்கியம்' நாம் பேசுகிற முக்கியம் இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகத் தென்படுவது அரிது என்பது மட்டுமே அதன் பொருள். வித்தியாசம் பெரியதா, எதனால் வந்தது என்பதை அது சொல்லாது. 2015-ல் உளவியல் ஆய்வுகள் நூற்றைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய எல்லா மூல ஆய்வுகளும் இந்த முத்திரை பெற்றவை. திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் அதைப் பெற்றன.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் மதிப்பெண் பட்டியல் அந்தப் பள்ளியில் இருக்கும். அந்த ஆண்டில் கடைசி 30 இடத்தில் இருந்தவர்கள், எந்தப் பயிற்சியும் இல்லாமல், அடுத்த தேர்வில் எவ்வளவு எடுத்தார்கள்? சீட்டுக் குலுக்கியதற்கு அது ஈடாகாது. ஆனாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த இதழில் வெளியிட்டால், என் மாணவர்களோடு உட்கார்ந்து படிப்பேன்.

அன்புடன்,
உளவியல் ஆசிரியை ஒருவர்