உன் பெயரில் வரும் கேள்விகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கீழவீட்டு வேலிச் சங்கதி அப்படியே கிடக்கிறது. போன் செய்தால் உன் உதவியாளர்தான் எடுக்கிறார். மரியாதையான பையன். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க சார்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கும் மீட்டிங். நாடு முன்னேறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தையாவது நீயே பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

போன கூட்டத்தொடரில் உன் பெயரில் வந்த கேள்வி பதில்களை மக்களவை இணையதளத்தில் ஒன்று விடாமல் படித்தேன். மீனவர் படகுக் கேள்வியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முதல் தடவை எம்.பி.யாகப் போனவள் எழுதியது மாதிரியே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. முதலில் வேலையைப் பேசுவோம், அடுத்த கூட்டத்தொடருக்கான அழைப்பு எந்த நாளும் வரலாம்.

அழைப்பின் கையோடு கேள்வி அட்டவணையும் வரும். அமைச்சகங்களை ஐந்து பிரிவாக்கி, வாரத்தில் ஒரு பிரிவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். வெளியுறவுக்கு இப்போது மக்களவையில் வெள்ளிக்கிழமை. நோட்டீஸுக்கு 15 முழு நாள் வேண்டும். முழு நாள் என்றால் கொடுத்த நாளும் கணக்கில் சேராது, பதில் வரும் நாளும் சேராது. 22ஆம் தேதி பதில் வேண்டுமானால் 6ஆம் தேதிதான் கெடு. பலர் கெடு நாள் மாலை வரை இழுத்துவிட்டு, "ஏதாவது அஞ்சு போட்டுடுங்க" என்று உதவியாளரிடம் சொல்லி விமானம் ஏறுகிறார்கள். அந்த 'ஏதாவது' எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்பதும் இல்லை. அட்டவணை கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து நீயே எழுது.

ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ்தான் கொடுக்கலாம். அவற்றில் ஸ்டார்டு, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வி, ஒன்றுக்கு மேல் உன் பெயரில் ஏறாது. குலுக்கலில் வரும் வரிசைப்படி ஒரு நாளைக்கு 20 ஸ்டார்டு, எழுத்தில் மட்டும் பதில் வரும் அன்ஸ்டார்டு 230. பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஐந்தாறு ஸ்டார்டு கேள்விகள் அவையில் எடுக்கப்பட்டாலே அது நல்ல நாள். மீதியெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். அதற்காக எட்டாவது இடம்தானே என்று கேன்டீனில் உட்கார்ந்துவிடாதே. முன்னே இருப்பவர்கள் வராமல் போய், எட்டாவதை அழைக்கும்போது இருக்கை காலியாக இருந்தால் தொகுதிக்காரன் டிவியில் பார்ப்பான். டிவிக்கு ஸ்டார்டு. ஆனால் தகவல் வேண்டுமானால் அன்ஸ்டார்டுதான். பதிலின் பின்னால் ஒட்டியிருக்கும் இணைப்பு அட்டவணையில்தான் சரக்கு இருக்கும். அதை யாரும் புரட்டுவதில்லை. நீ புரட்டு.

மக்களவை நடைமுறை விதி 41ஐ மேசைக் கண்ணாடிக்குக் கீழே வை. கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி கூடாது. அரசின் கருத்தைக் கேட்கக் கூடாது, 'இப்படி நடந்தால்' என்று கற்பனை செய்து கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருப்பது, ஏற்கெனவே பதில் சொன்னது, அச்சில் எளிதாகக் கிடைப்பது ஆகாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது. 'இலங்கைக் கடற்படையின் அட்டூழியம்' என்று தொடங்கினால் மக்களவைச் செயலகத்தின் கேள்விப் பிரிவு அந்த வரியிலேயே அடித்துவிடும். கோபத்துக்குக் கேள்வி நேரம் முடிந்ததும் வரும் பூஜ்ய நேரம் இருக்கிறது, மேடை இருக்கிறது. கேள்வியில் தேதியும் எண்ணும் போதும்.

உள்நாட்டுக் கேள்விகளில் தடுக்குவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். போலீஸ் பற்றிக் கேட்டால், பொது ஒழுங்கும் காவலும் ஏழாவது அட்டவணைப்படி மாநில விஷயம் என்று இரண்டு வரியில் முடிப்பார்கள். மத்திய நிதி எவ்வளவு விடுவிக்கப்பட்டது, செலவுச் சான்றிதழ் எந்த ஆண்டு வரை வந்திருக்கிறது என்று கேட்டால் அப்படித் தப்ப முடியாது. ரயில்வேயிடம் தமிழ்நாட்டுக்கு எத்தனை திட்டம் என்று கேட்காதே. திட்டங்கள் மாநிலவாரியாக அல்ல, மண்டலவாரியாக என்று ஒரு பத்தி தயாராகவே இருக்கும். பாதையின் பெயர், ஒப்புதல் ஆண்டு, மொத்த மதிப்பீடு, இதுவரை செலவு, எடுக்க வேண்டிய நிலம், எடுத்த நிலம் என்று உட்பிரிவு போட்டுக் கேள்.

இப்போது உன் படகுக் கேள்வி. மீனவர் பாதுகாப்புக்கு அரசு என்ன செய்தது என்று நீ கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் மிக உயர்ந்த முன்னுரிமை, உயர்மட்டத்தில் எழுப்பப்பட்டது என்று இரண்டு வரி வந்திருக்கும். ஆண்டுவாரியாகப் பிடிபட்ட படகு எத்தனை, நீதிமன்றம் விடுவித்தது எத்தனை, விடுவித்தும் மீட்காமல் அங்கேயே கிடப்பது எத்தனை, 2016இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது என்று கேட்டாய். பெயரடையால் பதில் சொல்ல முடியாத கேள்வி. அது உன் கை. எனக்குத் தெரியும்.

அதில் ஒரு குறை. ஆழ்கடல் மீன்பிடிப்பு மாற்றுத் திட்டத்தையும் கடைசி உட்பிரிவில் சேர்த்துவிட்டாய். 2017இல் தொடங்கியபோது அந்தத் திட்டத்தில் படகு ஒன்றுக்கு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. இது மீன்வளத் துறையின் கணக்கு, வெளியுறவின் கணக்கு அல்ல. இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கேள்வியே வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டால் நாளும் மாறும், குலுக்கலில் வந்த இடமும் போகும். வெளியுறவுக்குத் தனியாக ஒன்று, மீன்வளத்துக்கு அவர்கள் நாளில் தனியாக ஒன்று. முதலாவதில், 2018இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்திய பிறகு பிடிபட்டவர்களுக்கு விதித்த தொகையைக் கேள். இரண்டாவதில், விண்ணப்பித்தவர் எத்தனை, வங்கி மறுத்தது எத்தனை, படகு கையில் வந்தது எத்தனை என்று கேள். பத்து சதவீதம் கொடுக்க முடியாதவன், கடன் கிடைக்காதவன் யாரென்று அந்த எண்களே சொல்லிவிடும்.

வெளியுறவில் கேள்விக்குக் கூடுதல் மதிப்பு ஏன் என்றால், நம் நாட்டில் ஒப்பந்தம் போட நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. நிலத்தை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960இல், மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றது பெரும்பாலும் கையெழுத்தோடு முடிந்தது. கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தானது, அவைக்கு அறிக்கையாக வந்தது ஜூலை 23இல். அன்று இரா. செழியன் போன்றவர்கள் எவ்வளவோ வாதாடினார்கள். ஆனால் மை காய்ந்த பிறகுதான் வாதாட முடிந்தது. கையெழுத்துக்கு முன்னால் உறுப்பினரிடம் இருப்பது கேள்வி ஒன்றுதான். பொதுநலன் கருதி வெளியிட இயலாது என்று அமைச்சர் சொன்னால், அந்த மறுப்பும் அவைக் குறிப்பில் தேதியோடு நிற்கும்.

துணைக்கேள்வி, அதாவது ஸ்டார்டு பதிலைத் தொடர்ந்து அவையில் எழுந்து கேட்பது பற்றி: உனக்கு இரண்டு. பிறகு சபாநாயகர் அழைக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. எழுத்துப் பதில் அவை கூடுமுன்பே காலையில் கிடைத்துவிடும். அதைப் படித்துவிட்டு, தயாரித்து வைத்ததில் ஏற்கெனவே பதில் வந்ததை அடித்துவிடு. முதல் துணைக்கேள்வி என்னவாக இருக்கும் என்று அதிகாரிகள் ஊகித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டாவதுக்குத்தான் அமைச்சர் அதிகாரிகள் மாடத்தைத் திரும்பிப் பார்ப்பார், சீட்டு வரும். அந்த இரண்டாவதை முன்னுரையில்லாமல் ஒரே வாக்கியத்தில் கேள். கேள்வியை நீயே எழுதியிருந்தால்தான் இரண்டாவது நாக்கில் வரும். வேறொருவர் எழுதிய கேள்விக்குத் துணைக்கேள்வியும் வேறொருவர்தான் எழுதித் தர வேண்டும்.

இதைச் சொல்லாமல் எப்படி முடிப்பது.

கேள்விப் பிரிவில் இருப்பவர்களுக்கு எழுத்தை வைத்தே ஆளைத் தெரியும். ஒரே பொருளில் பலர் கேட்டால் சேர்த்து ஒரே கேள்வியாக்குவார்கள், பெயர்கள் வரிசையாக வரும். அதில் தப்பில்லை, வெங்காய விலை ஏறினால் ஐம்பது பேர் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் வெவ்வேறு மாநிலம், வெவ்வேறு கட்சி, நான்கு பேர் பெயரில் ஒரே உட்பிரிவு வரிசை, ஒரே எழுத்துப்பிழையோடு ஒரு கேள்வி வந்தால், அதை வாங்கிவைக்கும் எழுத்தருக்கே புரியும். வெளியே சொல்ல மாட்டார்கள். வேண்டும்போது வேறு யாராவது தோண்டி எடுப்பார்கள்.

போன கூட்டத்தொடரில் ஒரு ரசாயனத்தின் இறக்குமதி பற்றி உன் பெயரில் மூன்று கேள்விகள் இருந்தன. வடிவத்தில் ஒரு குறை இல்லை. சொல்லப்போனால் அதுதான் குறை. எட்டு இலக்கச் சுங்க எண்ணோடு கேட்டிருக்கிறாய். வணிகத் துறை இயக்ககம் மலிவாகக் கொண்டுவந்து குவிக்கும் இறக்குமதி மீதான பொருள்குவிப்புத் தடுப்பு வரியைப் பரிந்துரைத்தால் நிதித் துறை மூன்று மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற கெடுவை வைத்துக் கேட்டிருக்கிறாய். இந்தக் கெடு அந்த வரியால் லாபமோ நஷ்டமோ அடைகிறவருக்கும் அவருடைய வக்கீலுக்கும்தான் மனப்பாடம். நம் தொகுதியில் உப்பளம் இருக்கிறது, வலை இருக்கிறது, முந்திரி இருக்கிறது. அந்த ரசாயனத்தை வாங்குகிறவரோ விற்கிறவரோ இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. இருக்கலாம். நீ ஏதாவது மனு வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் மனுவைத் தேதி போட்டுக் கோப்பில் வை. யார் கொடுத்தார், எந்த ஊர், அவருக்கு இதில் என்ன அக்கறை என்று ஓரத்தில் உன் கையால் எழுது. தொழிலுக்காகக் கேட்பது குற்றமில்லை, தொகுதிக்காரனின் தொழிலும் தொழில்தானே. கேட்கச் சொன்னது யார் என்று கேட்டால் அந்த நிமிடமே சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான்.

2005 டிசம்பர் 23இல் காசுக்குக் கேள்வி கேட்டதாக மக்களவையிலிருந்து 10 பேரையும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரையும் வெளியேற்றினார்கள். 2007இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ரகசியக் கேமராவில் தெரிந்த தொகைகள் பெரிய தொகைகளே அல்ல. 2023 டிசம்பரில் இணையதளக் கடவுச்சொல்லை வெளியாளுக்குக் கொடுத்ததற்காக ஓர் உறுப்பினரை வெளியேற்றியது அவை. அந்த முடிவு நியாயமா என்று இன்னும் சண்டை நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. கடவுச்சொல் உன்னிடம் மட்டும் இருக்கட்டும். அந்த நல்ல பையனிடம் கூட வேண்டாம். ஓடிபி உன் போனுக்கு வரும்போது போன் உன் கையில் இருக்கட்டும். சித்தப்பா கையெழுத்துப் போட்ட கதை உனக்கும் தெரியும், அதை மறுபடி எழுத மாட்டேன்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று முந்த்ரா விவகாரத்தைப் பார். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி போட்டது. முதலில் கேட்டதற்கு நழுவலாகப் பதில் வந்தது. ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். அவர் விடவில்லை. கொள்முதல் விவரங்களையும் பங்கு விலைகளையும் திரட்டிக்கொண்டு டிசம்பரில் அவையில் எழுந்தார். நீதிபதி சாக்ளாவின் விசாரணை பொதுவெளியில் நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வியைக் கேட்டவருக்கு அதன் ஒவ்வொரு எண்ணும் தெரிந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் அமைச்சரே இருந்தாலும் பயமில்லாமல் நிற்க முடிந்தது அதனால்தான்.

பதில் வந்த பிறகு செய்ய வேண்டியதை யாரும் செய்வதில்லை. பதில் போதவில்லையென்றால் விதி 55இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். திங்கள், புதன், வெள்ளி மாலையில் அவையின் கடைசி அரை மணி அதற்கு. மூன்று நாள் முன்னதாகக் காரணத்தோடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமைச்சர் சொன்னதில் பிழை இருந்தால் எழுந்து கத்தாதே, சபாநாயகரின் வழிகாட்டுதல் 115இன்படி முதலில் அவருக்கு எழுத்தில் கொடு. "தகவல் சேகரிக்கப்பட்டு அவை மேசையில் வைக்கப்படும்" என்று வந்தால் அது வெறும் தட்டிக்கழிப்பு அல்ல, அரசின் உறுதிமொழியாகப் பதிவாகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கும். எந்தெந்தப் பதிலில் அந்த வரி வந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வை.

உன் ரசாயனக் கேள்வி மூன்றில் இரண்டாவதின் கடைசி உட்பிரிவுக்கு அந்த வரிதான் பதிலாக வந்திருக்கிறது. பார்த்தாயா தெரியவில்லை. அந்தத் தகவல் ஒருநாள் அவை மேசைக்கு வரும், உன் பெயரில்தான் வரும். அதற்குள் அந்த எட்டு இலக்க எண் எந்தப் பொருளைக் குறிக்கிறது, அதை இந்தியாவில் செய்கிறவர்கள் யார், இறக்குமதி செய்கிறவர்கள் யார் என்று தெரிந்து வைத்துக்கொள். உதவியாளரைக் கேட்காமல், நீயாகத் தேடி. தெரிந்ததும் எனக்கு எழுது. டைப் செய்து அனுப்பாதே, உன் கையெழுத்தில் அனுப்பு.

அப்பா