மியூனிக்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அத்தை வீட்டு விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது.

போன மாதம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நீ கடைக்குப் போகும் வழியில், ஆர்சிஸ் தெருவில் இருக்கும் இசைக் கல்லூரிக் கட்டடத்தில்தான், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது என்றாய். அதோடு விட்டிருக்கலாம். அன்றைய பிரிட்டிஷ் பிரதமரைப் பற்றி, "பாவம் சேம்பர்லின், சண்டை வேண்டாம் என்றுதானே விட்டுக்கொடுத்தார், அதில் என்ன தப்பு?" என்று கேட்டாய். காலமெல்லாம் வரலாறு நடத்தியவளிடம் இதைக் கேட்டுவிட்டு, "அவர் வந்துவிட்டார்" என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பதிலை எழுத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

சேம்பர்லினைக் கோழை என்று நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. முந்தைய போர் ஓய்ந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள், வீடு வீடாக நச்சுவாயு முகமூடி கொடுத்தார்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் அந்த ஆகஸ்டில்தான் படைக்கு வரத் தொடங்கியிருந்தன. 69 வயதில் விமானம் ஏறி ஹிட்லரிடம் போனார் மனிதர். அவகாசம் வாங்கினார் என்று வாதிடுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் மியூனிக்குக்கு முன் கோடெஸ்பெர்க் ஊரில் நடந்த சந்திப்பை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? செப்டம்பர் 15 அன்று பெர்க்டெஸ்காடன் ஊரில் நடந்த முதல் சந்திப்பில், செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மானியர்கள் வாழும் சுடேட்டன் பகுதி வேண்டும் என்றார் ஹிட்லர். சேம்பர்லின் ஊர் திரும்பினார். தன் அமைச்சர்களைச் சரிக்கட்டினார், பிரான்சைச் சேர்த்துக்கொண்டார், செக் அதிபர் பெனெஷை நெருக்கிச் சம்மதிக்கவும் வைத்தார். 22ஆம் தேதி கோடெஸ்பெர்க் போய், நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்றார். வருந்துகிறேன், இனி அது போதாது என்று பதில் வந்தது! உடனே படையை உள்ளே விட வேண்டுமாம். கேட்டதைக் கேட்டபடி கொடுத்த பிறகு வந்த பதில் இது, மலர். இந்தப் பத்தியை இன்னொரு முறை படி.

நீ பள்ளி வேலையை விட்டபோது, மொழி படிக்கத்தான் என்றாய். பிறகு வகுப்பும் நின்றது. வயலின் எங்கே என்று கேட்டேன், பதில் இல்லை. நான் எதையும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்லவர், சிகரெட்கூடத் தொடாதவர் என்று உன் அப்பா தினமும் சொல்கிறார். இருக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அந்தக் குளிர் உனக்கு ஆகாது.

உன் தெருக் கட்டடத்துக்கு வருகிறேன். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலித் தலைவர்கள் நாலு பேர் உள்ளே உட்கார்ந்து நாட்டைக் கூறுபோட்டபோது, செக் பிரதிநிதிகளை ஓட்டலில் காக்க வைத்திருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் அழைத்து, முடிந்துவிட்டது என்று தாளைக் கொடுத்தார்கள். அப்போது சேம்பர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததாக அவர்களில் ஒருவரே பதிவு செய்திருக்கிறார். அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை அல்ல. நீ கொடுப்பதெல்லாம் உன்னுடையது, அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மலையோரக் கோட்டைகளெல்லாம் சுடேட்டன் பகுதியில்தான் இருந்தன. அவை போன பிறகு செக் தலைநகர் பிராகாவைக் காக்க எதுவும் மிஞ்சவில்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை அங்கேயும் நுழைந்தது. வாங்கிய அவகாசம் எதிராளிக்கும் பயன்பட்டது. ஸ்கோடா ஆயுத ஆலை அவர்கள் கைக்குப் போனது, செக் நாட்டில் செய்த டாங்கிகள் அடுத்த வருடம் பிரான்சுக்குள் ஓடின.

பத்தாம் வகுப்பில் தலைமையாசிரியரையே நிறுத்திக் கேள்வி கேட்ட பெண் நீ. ஊரெல்லாம் என்னிடம் புகார் சொன்னது, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த வாய் எங்கே போயிற்று? முகூர்த்தத்தன்று "அனுசரித்துப் போ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதுவரை என்று ஒருவரும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொள். போன் அடித்தால் எடு, அவர் வீட்டில் இருந்தாலும் எடு.

உன் பெயரில் போட்டிருந்த வைப்புத்தொகை முதிர்ந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கணக்கு எண்ணை எழுதி அனுப்பு. கூட்டுக் கணக்கு வேண்டாம், உன் ஒருத்தி பெயரில் இருப்பது. இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று தொடங்கு.

அம்மா