கடைசி வாய்க்காலிலிருந்து ஒரு கடிதம்

மத்திய முகாம், அம்பாறை, இலங்கை,
ஆடி 12

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குப் பெண் குழந்தை என்று வாசித்ததும் இங்கே வீடே சிரித்தது. நீ தாத்தா ஆகிவிட்டாய், நம்ப முடியவில்லை.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். முக்கொம்பில் காவிரி வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அவ்வளவும் கடலுக்குப் போகிறது, மிஞ்சுவதையாவது மாநிலங்கள் பங்குபோட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். மிஞ்சினதைக் கொடுக்கப் பெரிய மனசு தேவையில்லை மச்சான். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பினால் கர்நாடகம் திறந்துதான் ஆகவேண்டும். மார்கழியில் இங்கே மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறந்தால் படுவான்கரை வயல்களுக்குக் கேட்காமலே தண்ணீர் வருகிறதே, அந்தக் கதைதான்.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் கொடுத்த தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது 192இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆனது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று தசமம் வரைக்கும் கணக்கு இருக்கிறது. அதெல்லாம் மழை ஒழுங்காகப் பெய்த வருசத்துக்கு. பொய்த்த வருசத்தில் எல்லோரும் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். சண்டை பிடிப்பது அங்கேதான். இப்போது கர்நாடகம் மேகதாதுவில் 67 டி.எம்.சி. அணை கேட்பதும், நீ மிச்சம் என்று சொல்கிற அதே தண்ணீரைப் பிடிக்கத்தான்.

மாநிலங்கள் மனசு வைத்துக் கொடுத்ததும் உண்டு. சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. என்று 1976இல் ஒப்புக்கொண்டன. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி ஏரிக்கு அது வந்து சேர்ந்தது 1996இல். நம்மட ஆட்கள் ஒரு வாய்க்கால் வெட்டவே அவ்வளவு நாள் எடுப்பார்கள், ஆகையால் நான் சிரிக்கவில்லை.

போன சிறுபோகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேளாண்மை குடலைப் பருவம், நெற்கதிர் உள்ளே திரளும் நேரம். எங்கள் முறை இரவு, வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே நடந்தேன். வயலுக்குத் தண்ணீர் பாயும் நாலாவது வக்கடையில் வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று, அதற்கு மேல் களிமண். அந்த வயலில் தண்ணீர் வரம்பு மேவி நிற்கிறது. ஆள் வரம்பிலேயே குந்தியிருந்தான், சொந்தக்காரன்தான். "இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் அண்ணன், என்ட பயிருக்குக் காணாது" என்றான். எனக்கு ஏச வாய் வரவில்லை. மூன்று வருசத்துக்கு முன் மேலே குத்தகைக்குச் செய்தபோது நானும் அப்படித்தான் நிரப்பி வைத்திருந்தேன். மேல்மடையில் இருப்பவனுக்கு மிச்சம் என்று ஒன்று கண்ணில் படாது.

இதே கல்லோயா இடதுகரை வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் சேனநாயக்க சமுத்திரக் குளம் 1981இல் கால்வாசிதான் நிரம்பியிருந்தது. அப்போது மேலே இருந்த சிங்கள விவசாயிகள் முறை வைத்துப் பாய்ச்சி, தண்ணீரை மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள். சில வாரங்களில் வாய்க்கால் முழுக்க அந்தப் பழக்கம் பரவியது. வயலுக்கு வயல் ஆட்கள் போய்ப் பேசி, மேல்மடைக்காரனையும் கீழ்மடைக்காரனையும் ஒன்றாக இருத்தினதால் நடந்தது. அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம், "குளம் நிரம்பின வருசம் ஒருத்தனும் கூட்டத்துக்கு வரமாட்டான்" என்று முடிப்பார்.

உங்கள் தலைஞாயிறுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, அல்லது இன்னும் கொள்ளிடத்தைப் பார்த்துப் பெருமூச்சுதானா? அடுத்த கடிதத்தில் எழுது. பேத்தியின் படத்தையும் மறக்காமல் அனுப்பு.

இன்றைக்கு இரவு எங்கள் முறை. மனைவி பிளாஸ்கில் பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டாள். வெளிக்கிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்